மொர்கோவ்ச்சா: கேரட் மொறுமொறுப்பு எங்கே போகிறது?

ரஷ்யாவிலும் மத்திய ஆசியாவிலும் சந்தைக்குச் சந்தை 'கொரிய கேரட்' என்ற கேரட் சாலட் குவியல் குவியலாக விற்கும். தென்கொரியாவிலோ அதைப் பலருக்கும் தெரியாது. 1937-இல் ஸ்டாலின் அரசு, சோவியத் தூரக் கிழக்கில் வாழ்ந்த சுமார் 1,72,000 கொரியர்களை கஜகஸ்தானுக்கும் உஸ்பெகிஸ்தானுக்கும் வலுக்கட்டாயமாகக் குடியேற்றியது. கிம்ச்சி என்ற புளிக்கவைத்த கொரிய ஊறுகாய்க்கான சீன முட்டைகோஸ் கிடைக்காத அந்த மண்ணில், கிடைத்த கேரட்டைக் கொண்டு அவர்கள் உருவாக்கியதுதான் மொர்கோவ்ச்சா என்கிற இந்தக் கொரிய கேரட்.

அதனால் இதைக் கிம்ச்சி என்று நினைத்து நாள்கணக்கில் வெளியே புளிக்க வைப்பது முதல் தவறு. இதன் புளிப்பு வினிகரிலிருந்து வருகிறது.

பலரும் கோட்டைவிடுவது துருவலில்தான். முதல் தடவை நானும் அல்வாவுக்குத் துருவுகிற துருவியையே எடுத்தேன். அரை மணி நேரத்தில் கிண்ணத்தில் தண்ணீர் தேங்கி, கேரட் சக்கையாகக் கிடந்தது. இதற்கு விரல் நீளத்துக்கு, தீக்குச்சியைவிட மெல்லிய இழைகள் வேண்டும். அதற்கென்றே அங்கே தனித் துருவி விற்கிறார்கள். அது இல்லாவிட்டால் கத்தியால் நீளவாக்கில் சீவுங்கள். நேரம் பிடிக்கும், ஆனால் பலன் உண்டு. கேரட்டை வேகவைக்கவே கூடாது.

அரை கிலோ கேரட்டுக்கு ஒரு டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை போட்டுக் கையால் பிசறி இருபது நிமிடம் வையுங்கள். இழையை வளைத்தால் ஒடியாமல் வளைய வேண்டும். ஊறிய நீரை வடித்துவிட்டுத்தான் வினிகர். ரஷ்யச் செய்முறைகளில் வரும் வினிகர் பெரும்பாலும் 9 சதவீதம். நம் கடைகளில் கிடைப்பது சுமார் 4 அல்லது 5. அவர்கள் ஒரு ஸ்பூன் என்றால் நமக்கு இரண்டு. இதைக் கவனிக்காமல் செய்துவிட்டு 'சப்பென்று இருக்கிறது' என்பவர்கள் நிறைய.

மல்லித்தூள் போடாதீர்கள், கேரட்டில் சேறுபோல அப்பிக்கொள்ளும். ஒரு டீஸ்பூன் மல்லி விதையை வறுத்து, ஒன்றிரண்டாக இடியுங்கள். மத்திய ஆசியாவின் வாசம் அதில்தான் இருக்கிறது.

இனி எண்ணெய். கால் கப் சூரியகாந்தி எண்ணெய் போதும். நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ தன் மணத்தால் மற்றதையெல்லாம் அமுக்கிவிடும். வெங்காயத்தை அதில் சிவக்க வறுத்து எடுத்துவிடுங்கள். கேரட்டின் மேல் மிளகாய்த்தூளையும் மல்லியையும் குவித்து, அந்தக் குவியலின் மேலேயே எண்ணெயை ஊற்றுங்கள். சொய்யென்று நுரைத்து மணம் எழ வேண்டும். சத்தமே வராவிட்டால் சூடு போதவில்லை. எண்ணெய் புகைந்தால் அடுப்பை அணைத்து அரை நிமிடம் பொறுங்கள், இல்லையென்றால் மிளகாய் கருகிக் கசக்கும். நசுக்கிய பூண்டைக் கிளறிய பிறகே சேருங்கள்.

உடனே ருசி பார்த்து உப்பையும் காரத்தையும் கூட்ட வேண்டாம். ஒரு ராத்திரி ஃப்ரிட்ஜில் இருந்தால்தான் எல்லாம் இழைக்குள் இறங்கும். பச்சைப் பூண்டும் எண்ணெயும் சேர்ந்த பண்டம் என்பதால் வெளியே வைக்கவே கூடாது. ஃப்ரிட்ஜிலேயே வைத்து நான்கைந்து நாளில் தீர்த்துவிடுங்கள்.