துணைச் சட்ட வரைவுக்குக் கடைக்காரர் கருத்து எழுதி அனுப்புவது எப்படி? (டர்பன் வியாபாரிகளுக்கு)

இன்ஸ்பெக்டர் கடை வாசலில் வந்து நின்ற பிறகு சட்டத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அது வரைவாக இருக்கும்போதே நாம் வாய் திறக்க வேண்டும். சாட்ஸ்வொர்த்தில் மளிகைக் கடை வைத்திருக்கும் நான் கடைப்பிடிக்கும் வழி இது.

முதலில், சட்டம் யாருடையது என்று பாருங்கள். நடைபாதை, விளம்பரப் பலகை, குப்பை என்றால் அது எத்தெக்வினி (டர்பன்) நகராட்சி இயற்றும் துணைச் சட்டம். மாகாண மசோதா என்றால் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் உள்ள மாகாணச் சட்டமன்றம். தேசிய மசோதா என்றால் கேப் டவுன் நாடாளுமன்றக் குழு. 2000-ஆம் ஆண்டு நகராட்சி முறைமைச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, வரைவை மக்கள் கருத்துக்கு வெளியிடாமல் கவுன்சில் துணைச் சட்டத்தை நிறைவேற்ற முடியாது. இதெல்லாம் வெறும் சடங்கு என்பவர்களுக்கு ஒரு சேதி: மட்டாட்டியேல் பகுதியைக் குவாசுலு-நட்டால் மாகாணத்திலிருந்து ஈஸ்டர்ன் கேப் மாகாணத்துக்கு மாற்றிய அரசியலமைப்புத் திருத்தம் செல்லாது என்று 2006-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குவாசுலு-நட்டால் சட்டமன்றம் மக்களைக் கேட்கவில்லை என்பதுதான் காரணம்.

அடுத்து, அறிவிப்பு. நாளிதழ், நகராட்சி வலைத்தளம், வார்டு கவுன்சிலர் மூன்றையும் கவனியுங்கள். தேசிய மசோதாக்களுக்கு பார்லிமென்டரி மானிட்டரிங் குரூப் வலைத்தளம்தான் என் தேர்வு. எந்த மசோதாவுக்கு எந்தத் தேதிக்குள் கருத்து அனுப்ப வேண்டும் என்று ஒரே பக்கத்தில் போட்டிருப்பார்கள்.

பலர் நின்றுபோவது எழுதும் கட்டத்தில்தான். "இந்தச் சட்டம் சிறு வியாபாரியை நசுக்கும்" என்று பொதுவாக எழுதினால், அதை வைத்துக்கொண்டு அதிகாரியால் எந்த வரியையும் திருத்த முடியாது. பிரிவு எண், உங்கள் கடையில் அதன் விளைவு, நீங்கள் கேட்கும் மாற்று வாசகம். இந்த வரிசையில் எழுதுங்கள். நடைபாதையில் பொருள் வைப்பதை 14-ஆம் பிரிவு தடை செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். "பிரிவு 14: தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் அகல்விளக்கும் சூடமும் 60 செ.மீ. அகல மேசை ஒன்றில் வாசலோரம் விற்கிறேன். சக்கர நாற்காலி தாராளமாகப் போகிறது. 'நடப்பவர்களுக்கு 1.5 மீட்டர் வழி விட்டு வைக்கலாம்' என்று சேர்க்கக் கோருகிறேன்." இவ்வளவு போதும். மேசையை ஒரு போட்டோ எடுத்து இணையுங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் ஒரே அச்சுக் கடிதத்தை நான் அனுப்புவதில்லை. உங்கள் கடையின் விவரம் அதில் இருக்காது.

1897-ல் நட்டாலில் வந்த வியாபார உரிமச் சட்டத்தில், உரிமம் மறுக்கப்பட்ட நம்மவருக்கு உச்ச நீதிமன்றத்தில் முறையிடவே வழியில்லை. அதை நினைத்தால் ஒரு கெடுவையும் தவறவிட எனக்கு மனம் வராது.

நேரில் பேச விருப்பம் இருந்தால் கடிதத்திலேயே கேளுங்கள். அனுப்பிய பின் பெற்றுக்கொண்டதற்கான பதிலை வாங்கி வையுங்கள்.

பின்சேர்க்கை: ஆங்கிலத்தில் எழுத வராத பெரியவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். எழுத முடியாதவர் அலுவலக நேரத்தில் வந்தால், அவர் சொல்வதை ஓர் ஊழியர் எழுதித் தர வேண்டும் என்று மேலே சொன்ன நகராட்சி முறைமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு சொல்கிறது. எங்கே போவது, யாரைப் பார்ப்பது என்பது அறிவிப்பிலேயே இருக்க வேண்டும். துணைக்கு ஒருவர் கூடவே போங்கள்.

மின்கட்டணம், சொத்துவரி பற்றியும் கேட்டிருந்தீர்கள். அவை நகராட்சி பட்ஜெட்டோடு சேர்ந்தே முடிவாகின்றன. நகராட்சியின் நிதியாண்டு ஜூலை 1-ல் தொடங்குகிறது. வரைவு பட்ஜெட்டை அதற்குக் குறைந்தது 90 நாள் முன்பே கவுன்சிலில் வைக்க வேண்டும். அதனால் மார்ச் கடைசியிலேயே அறிவிப்பைத் தேடத் தொடங்குங்கள்.