காபி செயலியில் குழு ஆர்டரும் பில் பிரிப்பும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை நாலு மணிக்கு அலுவலகத்தில் ஒருவர் எழுந்து, "யாருக்கெல்லாம் காபி?" என்று கேட்கிறார். ஒருவருக்கு ஸ்ட்ராங்காக, சர்க்கரை கம்மியாக வேண்டும். இன்னொருவருக்குச் சுக்கு காபி. இரண்டு பேர் ஒரே காபியை ஒன் பை டூ போட்டுக்கொள்வார்கள். புதிதாகச் சேர்ந்த பையன், "உங்களுக்குச் சொல்றதே எனக்கும் சொல்லிடுங்கண்ணா" என்பான். இந்த ஐந்து நிமிடப் பேச்சைத்தான் குழு ஆர்டர் வசதி திரைக்குள் கொண்டுவர வேண்டும்.

இதை வடிவமைக்கும்போது நேரும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். குழுவை ஒரு பெரிய வாடிக்கையாளராக எண்ணிவிடுகிறார்கள். ஆனால் கார்ட்டில், அதாவது வாங்கும் பட்டியலில், இருக்கும் ஒவ்வொரு வரிக்கும் (ஒருவர் கேட்ட ஒரு பொருளுக்கும்) சொந்தக்காரர் ஒருவர் இருக்கிறார். எந்த வரி யாருடையது என்ற தகவல் கார்ட்டில் தொடங்கி, சமையலறைச் சீட்டு, கப் மேல் ஒட்டும் லேபிள், பில், பணம் திரும்பித் தருவது வரை எங்கேயும் அறுந்துபோகக் கூடாது. அறுந்த இடத்தில் யாரோ ஒருவர் கைக்காசு போட வேண்டியிருக்கும். பெரும்பாலும் நல்ல மனதோடு ஆர்டரைத் தொடங்கியவர்தான் அந்த ஒருவர்.

குழுவில் சேரும் இடத்திலேயே சிக்கல்

ஆர்டரைத் தொடங்கியவர் அனுப்பிய லிங்க்கைத் தட்டியதும் "செயலியை நிறுவுங்கள், ஓடிபி போடுங்கள்" என்று கேட்பது முதல் தவறு. நாற்பது ரூபாய் காபிக்கு யாரும் அவ்வளவு தூரம் வரமாட்டார்கள். "நீயே எனக்கும் சேர்த்துப் போட்டுடு" என்று சொல்லிவிடுவார்கள். அந்த நொடியில் அவருடைய வரி தொடங்கியவரின் பெயரில் போய் விழுகிறது. லிங்க் பிரவுசரிலேயே திறக்கட்டும். பெயர் மட்டும் கேட்டால் போதும். தொலைபேசி எண்ணைப் பணம் கட்டும் கட்டத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

லிங்க்கைத் திறந்தவுடன் ஆளைக் குழுவில் சேர்த்துவிடுவது இரண்டாவது தவறு. லிங்க்கை ஒரு குழு அரட்டையில் போட்டால், முன்னோட்டப் படம் காட்டுவதற்காகச் சில அரட்டைச் செயலிகளின் சர்வர்கள் தாமே அதைத் திறந்து பார்க்கும். திறப்பதே சேர்வது என்று வைத்திருந்தால், பெயரில்லாத ஓர் ஆவி உறுப்பினர் குழுவுக்குள் வந்துவிடுவார். டெலிவரிக் கட்டணத்தைத் தலைக்கு இவ்வளவு என்று பிரிக்கும்போது அந்த ஆவிக்கும் ஒரு பங்கு விழும். "சேர்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தினால்தான் உறுப்பினர் என்று வையுங்கள்.

மூன்றாவது, முழு கார்ட்டையும் ஒரே பொருளாகச் சேமிப்பது. கவிதா காபியைச் சேர்க்கும் அதே நொடியில் முருகன் வடையைச் சேர்த்தால், கடைசியாகச் சேமித்தவரின் கார்ட் மற்றவருடையதை அழித்துவிடும். முழு கார்ட்டை அனுப்பாமல் "இந்த வரியைச் சேர்", "அந்த வரியை நீக்கு" என்று செயலை மட்டும் அனுப்புங்கள். ஒருவர் தன் வரியை மட்டுமே மாற்றலாம்; தொடங்கியவர் எதையும் நீக்கலாம், ஆனால் நீக்கியது உரியவருக்குத் தெரிய வேண்டும்.

போன் இல்லாதவர், யூபிஐ இல்லாதவர் எல்லா அலுவலகத்திலும் உண்டு. வாசலில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனுக்கும் ஒரு காபி சொல்ல வேண்டும் என்றால், அவர் பெயரில் வரி, கட்டுபவராக இன்னொருவர் என இரண்டையும் தனித்தனியே பதிய இடம் வேண்டும். குடிப்பவர் வேறு, கட்டுபவர் வேறு என்பதை முதல் நாளே டேட்டாபேஸில் பிரித்து வைத்தால் "இன்னைக்கு என் ட்ரீட்" என்ற பொத்தானும் எளிதாக வந்துவிடும்.

ஒன் பை டூ என்ற சோதனை

வரிக்கு ஒரே ஒரு உரிமையாளர் என்று டேட்டாபேஸ் அட்டவணையில் ஒற்றை நெடுவரிசை வைப்பதைத்தான் பின்னால் சரிசெய்வது மிகக் கடினம். ஒரு காபியை இரண்டு டம்ளரில் ஊற்றிக் குடிப்பது நம் ஊர்களில் சாதாரணம். ஒரு லிட்டர் பிளாஸ்க் வாங்கிப் பத்துப் பேர் பகிர்வதும் அப்படித்தான். வரிகளுக்கு ஓர் அட்டவணை, பங்குகளுக்கு இன்னொன்று என வையுங்கள். பங்கு அட்டவணையில் வரி எண், கட்டுபவர், பங்கின் அளவு மூன்றும் இருக்கும். ஒன் பை டூ என்றால் அளவு ஆளுக்கு 1. பிளாஸ்க்கில் ஒருவர் இரண்டு கப் குடித்தால் அவருக்கு 2. சதவீதத்தில் சேமிக்காதீர்கள், மூன்று பேர் என்றால் 33.33 என்று ஆகி, மீதி எங்கோ தொலையும்.

சமமாகப் பிரித்தால் யாருக்கு வலிக்கும்?

"மொத்தத்தை ஆள் கணக்கில் வகு" என்பதை இயல்பான தேர்வாக வைப்பது பரவலான தவறு. ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். கவிதாவுக்கு ஃபில்டர் காபி 40 ரூபாய். முருகனுக்கு ஃபில்டர் காபி 40, மெதுவடை 30. சலீமுக்குச் சுக்கு காபி 45. ஜெனிஃபருக்குக் கோல்ட் காபி 120. விலைகள் ஜிஎஸ்டி சேராதவை. கூட்டினால் 275. கடை தரும் தள்ளுபடி 20 சதவீதம், உச்சவரம்பு 50 ரூபாய். இருபது சதவீதம் 55 வருவதால் வரம்பான 50 மட்டுமே கிடைக்கும். மீதி 225. உணவகச் சேவைக்கான ஜிஎஸ்டி 5 சதவீதம். டெலிவரி எல்லாம் சேர்த்து 35 ரூபாய்.

மொத்தம் 271.26 ரூபாய். நாலாக வகுத்தால் தலைக்கு ஏறத்தாழ 67.82. நாற்பது ரூபாய் காபி குடித்த கவிதா 67.82 கட்ட வேண்டும். 120 ரூபாய்க்குக் குடித்த ஜெனிஃபரும் அதையே கட்டுவார். கவிதா வாயைத் திறந்து கேட்கமாட்டார், அடுத்த முறை "எனக்கு வேண்டாம்" என்பார்.

அவரவர் ஆர்டர் வரிப்படி பிரித்தால்: தள்ளுபடியை விலையின் விகிதத்தில் பகிர்ந்தபின் கவிதா 32.73, முருகன் 57.27, சலீம் 36.82, ஜெனிஃபர் 98.18. அதன்மேல் ஜிஎஸ்டி 1.64, 2.87, 1.84, 4.91. டெலிவரி ஒரே நடை என்பதால் தலைக்கு 8.75. முடிவில் கவிதா 43.12, முருகன் 68.89, சலீம் 47.41, ஜெனிஃபர் 111.84. கூட்டிப் பாருங்கள், 271.26 சரியாக வரும். இதுவே இயல்பான தேர்வாக இருக்க வேண்டும். சமமாகப் பிரிப்பது வேண்டுவோர் தொட்டு மாற்றிக்கொள்ளும் தேர்வு.

இந்தக் கணக்கில் மூன்று குழிகள் இருக்கின்றன.

முதல் குழி பைசா. மிதவைப் புள்ளி (floating point) எண்களில் பணத்தைச் சேமித்தால் 0.1, 0.2 இரண்டையும் கூட்டும்போது கணினி 0.30000000000000004 என்று காட்டும். எல்லாத் தொகையையும் பைசாவில் முழு எண்ணாக வையுங்கள், 43.12 என்பது 4312.

இரண்டாவது மீதிப் பைசா. ஐம்பது ரூபாய்த் தள்ளுபடியைப் பிரிக்கும்போது நாலு பேருக்கும் பின்னத்தை வெட்டினால் 727, 1272, 818, 2181 பைசா வரும். கூட்டினால் 4998. இரண்டு பைசா காணோம். வெட்டப்பட்ட பின்னம் யாருக்குப் பெரியதோ அவர்களுக்கு ஒவ்வொன்றாகக் கொடுங்கள்; இங்கே ஜெனிஃபருக்கும் முருகனுக்கும். பின்னம் சமமாக இருந்தால் குழுவில் சேர்ந்த வரிசைப்படி கொடுங்கள். குலுக்கல் முறையில் கொடுத்தால் பக்கத்தைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் தொகை மாறும், பார்ப்பவருக்கு நம்பிக்கை போய்விடும்.

மூன்றாவதில்தான் அனுபவமுள்ள குழுக்களும் விழுகின்றன. 225 ரூபாய்க்கு 5 சதவீதம் 11.25 தானே, பில்லில் ஏன் 11.26? ஜிஎஸ்டி மத்திய வரி 2.5, மாநில வரி 2.5 என்று இரண்டாகப் பிரிந்துதான் பில்லில் ஏறும். ஒவ்வொன்றும் 5.625, தனித்தனியே முழுமையாக்கினால் 5.63, இரண்டும் சேர்ந்தால் 11.26. ஆகவே செயலி ஜிஎஸ்டியைப் புதிதாகக் கணக்கிடக் கூடாது. பில்லில் அச்சான தொகையை எடுத்துப் பங்கிட வேண்டும். பில் மொத்தமும் பங்குகளின் கூட்டும் ஒரு பைசாகூட வேறுபடக் கூடாது என்ற சோதனையை எழுதி, அது தேறாத ஆர்டரை அனுப்பவே விடாதீர்கள்.

டிப்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. தொடங்கியவர் மனமுவந்து போட்ட டிப்ஸை மற்றவர்களுக்கும் சேர்த்துப் பிரிப்பது முறையல்ல. அது அவருடைய ஆர்டர் வரி. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த டிப்ஸ், நன்கொடை போன்றவை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023இல் வெளியிட்ட ஏமாற்று வடிவமைப்புகள் பற்றிய வழிகாட்டுதலின்படியே தவறு.

பணம் யார் கையில்?

இரண்டு வழிகள் உண்டு. ஒருவர் மொத்தமாகக் கட்டி, பிறகு மற்றவர்கள் அவருக்குத் தருவது ஒன்று. ஒவ்வொருவரும் தம் பங்கைக் கடைக்கே நேராகக் கட்டுவது இன்னொன்று. இரண்டையும் ஒரே திரையில் குழப்புவதுதான் தவறு.

முதல் வழியில், நண்பரிடம் யூபிஐ மூலம் "பணம் அனுப்பு" என்று கோரிக்கை அனுப்பலாம் என நம்பிப் பழைய வடிவமைப்புகளை அப்படியே எடுக்காதீர்கள். தனிநபர் தனிநபரிடம் கோரும் அந்த வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டுவிட்டது. தொகையும் குறிப்பும் நிரப்பிய கியூஆர் அல்லது யூபிஐ லிங்க் காட்டுங்கள். குறிப்பில் ஆர்டர் எண் இருக்கட்டும். அந்தப் பணம் நண்பரின் வங்கிக் கணக்குக்கு நேராகப் போவதால் உங்கள் சர்வருக்கு எந்தத் தகவலும் வராது என்பதையும் மறக்காதீர்கள். "கொடுத்துட்டேன்" என்று ஒருவர் அழுத்த, "வந்துடுச்சு" என்று மற்றவர் உறுதிசெய்ய வேண்டும். செயலியே பணத்தை வாங்கி நண்பருக்குக் கைமாற்றுவது ரிசர்வ் வங்கி விதிகளுக்குள் வரும் வேலை. சட்ட ஆலோசனை பெறாமல் தொட வேண்டாம்.

இரண்டாவது வழியில், எல்லாரும் கட்டி முடிக்கும்வரை ஆர்டரை நிறுத்தி வைப்பது ஆபத்து. மூன்று பேர் கட்டியிருக்க, நாலாமவர் மீட்டிங்குக்குள் போய்விடுவார். வழக்கமான யூபிஐயில் பணம் உடனே கணக்கிலிருந்து போய்விடும். ஆர்டர் ரத்தானால் மூன்று பேருக்கும் திருப்பித் தர வேண்டும். மூன்று நிமிடம் காத்திருங்கள்; பிறகு தொடங்கியவரிடம் "சலீமின் 47.41ஐ நீங்கள் கட்டுகிறீர்களா, அவர் வரியை எடுத்துவிடவா?" என்று கேளுங்கள்.

பணம் கழிந்தும் கடைக்கு உறுதி வராத நிலை யூபிஐயில் உண்டு. அதைத் "தோல்வி" என்று காட்டி மீண்டும் கட்டச் சொன்னால் ஒருவர் இருமுறை கட்டிவிடுவார். ரிசர்வ் வங்கியின் 2019 சுற்றறிக்கைப்படி கடைக்குக் கட்டிய அப்படிப்பட்ட பணம் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு. காபிக்காக ஒருவரை ஐந்து நாள் காக்க வைக்காமல் இருக்க, "சரிபார்க்கிறோம்" என்று தனி நிலை வையுங்கள். பங்குக்கு ஒரு தனி எண் கொடுத்து, அதே எண்ணில் இரண்டாவது கட்டணம் ஏறாதபடி தடுங்கள்.

பாக்கியை எல்லார் முன்னும் பட்டியலிடாதீர்கள். பயிற்சிக்கு வந்த பெண் மேலாளருக்கு 43 ரூபாய் தர வேண்டியிருப்பது பத்துப் பேருக்குத் தெரிய வேண்டியதில்லை. நினைவூட்டல் உரியவருக்கு மட்டும், செயலியின் பெயரில் போகட்டும். "நேற்றைய காபிக்கு 43.12 ரூபாய் இருக்கிறது, இங்கே அனுப்பலாம்" என்ற அளவு போதும். அடுத்த நாள் ஒருமுறை, மூன்றாம் நாள் ஒருமுறை, அதோடு நிறுத்திவிடுங்கள்.

கடைக்காரர் பக்கம்

காபி போடுபவருக்கு ஆள் பெயர் தேவையில்லை. வகைப்படி கூட்டிய சீட்டு வேண்டும்: ஃபில்டர் காபி 2, அதில் 1 ஸ்ட்ராங் சர்க்கரை கம்மி. கட்டிக் கொடுப்பவருக்குத்தான் ஆள் பெயர் வேண்டும். ஒரே சீட்டை இருவருக்கும் கொடுத்தால் நாலு மூடிய கப்பும் ஒன்றுபோல வந்து சேரும், சர்க்கரை கூடாதவர் சர்க்கரை போட்டதைக் குடிப்பார்.

லேபிள் அச்சிடும் சின்ன 58 மில்லிமீட்டர் பிரிண்டர்கள் பலவற்றின் உள் எழுத்துருவில் தமிழ் இருக்காது, கேள்விக்குறிகளாக விழும். பெயரை 384 புள்ளி அகலப் படமாக மாற்றி அனுப்புங்கள். நீண்ட பெயரை வெட்டும்போது கணினிக் குறியீட்டை எண்ணி வெட்டாதீர்கள். "கவிதா" நமக்கு மூன்று எழுத்து, யூனிகோடில் ஐந்து குறியீடு. நாலில் வெட்டினால் "கவித" என்று வேறு பெயராகிவிடும். முழு எழுத்தாக எண்ணி வெட்ட வேண்டும்.

பணம் கட்டியபின் வடை தீர்ந்துபோனால்

மேலே சொன்ன ஆர்டரில் தள்ளுபடிக்குக் குறைந்தபட்சம் 250 ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வடை போனால் மொத்தம் 245. தள்ளுபடியை ரத்துசெய்து மறுகணக்குப் போடும் செயலிகள், தவறே செய்யாத மூன்று பேரின் பங்கை ஏற்றிவிடும். பொருள் இல்லாதது கடையின் குறை. தள்ளுபடி நிற்கட்டும், மற்றவர் பங்கைத் தொடாதீர்கள்.

முருகனுக்குத் திரும்ப வேண்டியது 30 ரூபாய் அல்ல. வடைக்கு விழுந்த தள்ளுபடி 5.46 (முருகனின் 12.73இல் காபிக்கான 7.27 போக மீதி) போக 24.54, அதன் ஜிஎஸ்டி 1.23, ஆக 25.77. மொத்தப் பணத்தையும் கவிதா கட்டியிருந்தால் அந்த 25.77 கவிதாவின் கணக்குக்குத்தான் திரும்பும். அதே நொடியில் முருகனின் பாக்கியும் அவ்வளவு குறைய வேண்டும். முருகன் ஏற்கெனவே கொடுத்துவிட்டிருந்தால் கவிதா அவருக்கு 25.77 தர வேண்டும் என்று எதிர்ப்பக்கம் பதிய வேண்டும். 68.89இல் 25.77 போனால் முருகனின் பங்கு 43.12. அதே காபியை மட்டும் வாங்கிய கவிதாவின் பங்கும் 43.12. உங்கள் செயலியில் இந்த இரண்டு எண்களும் ஒத்துவருகின்றனவா என்று வெளியிடும் முன் ஓட்டிப் பாருங்கள்.