மனநோயும் வீட்டின் மேல் விழும் பழியும்: நல்லெண்ணத்தோடு செய்யும் தவறுகள்

ஒரு வீட்டில் ஒருவருக்கு மனநோய் என்று தெரிந்ததும் சுற்றியிருப்பவர்களுக்கு முதலில் எழும் கேள்வி "ஏன் இப்படி ஆச்சு?" கேட்பதில் தப்பில்லை. பதிலைத் தேடும் இடத்தில்தான் சிக்கல். அம்மா செல்லம் கொடுத்துக் கெடுத்தார், அப்பா கண்டிப்பு, மனைவி கவனிக்கவில்லை என்று வீட்டுக்குள்ளேயே ஒரு குற்றவாளியைப் பிடித்துவிடுகிறார்கள்.

மருத்துவ உலகமே ஒரு காலத்தில் இதைச் செய்தது. தாயின் நடத்தை பிள்ளையை ஸ்கிசோஃப்ரினியா என்ற மனச்சிதைவு நோய்க்குத் தள்ளுகிறது என்ற கருத்தை 1948-இல் முன்வைத்தவர் ஃப்ரீடா ஃப்ரம்-ரைக்மன், பெயர்பெற்ற மனநல மருத்துவர். பல ஆண்டுகளுக்குத் தாய்மார்கள் அந்தப் பழியைச் சுமந்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அது நிற்கவில்லை. மரபணு, மூளை வளர்ச்சி, வாழ்க்கை நெருக்கடி எனப் பலவும் சேர்ந்துதான் நோயைக் கொண்டுவருகின்றன.

மரபணு என்றதும் சிலர் அடுத்த முனைக்கு ஓடுவார்கள்: "அப்போ பரம்பரை நோய், அந்தக் குடும்பமே வேண்டாம்." பெற்றோரில் ஒருவருக்கு ஸ்கிசோஃப்ரினியா இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்து. மீதித் தொண்ணூறை யாரும் பேசுவதில்லை.

இன்னொரு ஆய்வும் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. ஓயாத குறைகூறல், வெறுப்பு, மூச்சுமுட்டும் அக்கறை உள்ள வீடுகளில் நோய் மீண்டும் தலைதூக்குவது அதிகம் என்று லண்டனில் சமூகவியலாளர் ஜார்ஜ் பிரவுனும் அவருக்குப் பின் வந்தவர்களும் கண்டார்கள். "பார்த்தீர்களா, வீடுதான் காரணம்" என்று இதைக் காட்டுபவர்கள் உண்டு. ஆய்வாளர்கள் கண்டது நோய் திரும்புவதைப் பற்றி. முதலில் ஏன் வந்தது என்பதைப் பற்றி அல்ல. அந்த எரிச்சலும் பெரும்பாலும் தூக்கமில்லாத இரவுகளிலும் துணையில்லாத பகல்களிலும் ஊறுவது. நோயைப் பற்றி விளக்கி, கைகொடுக்கவும் ஆள் இருந்தால் அதே வீடுகளில் நோய் திரும்புவது குறைகிறது. வெளியிலிருந்து பழி சொல்பவர் அந்த இறுக்கத்தை இன்னும் கூட்டிவிட்டுத்தான் போகிறார்.

"இதுவும் மூளையில் வரும் ஒரு நோய்தான்" என்று சொன்னால் களங்கம் போய்விடும் என நம்புவதும் பாதித் தவறு. பழி குறைகிறது, உண்மை. ஆனால் "அப்போ இது மாறாது, ஆபத்து" என்ற எண்ணம் சிலருக்கு வலுக்கிறது. நோயோடு வாழ்பவர்களை நேரில் சந்தித்துப் பழகுவது, குறிப்பாகப் பெரியவர்களிடம், விளக்கப் பேச்சைவிட நன்றாக வேலை செய்கிறது.

அப்புறம், தொந்தரவு தரக்கூடாது என்று ஒதுங்குவது. வேறு எந்த நோய்க்கும் வீட்டுக்கு வந்து பார்த்திருப்பார்கள். இதற்கு மட்டும் ஃபோன்கூட நின்றுபோகும். "ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்" என்பதும் பெரிதாக உதவாது, யாரும் கேட்க மாட்டார்கள். "சனிக்கிழமை மதியம் நான் கூட இருக்கிறேன், நீங்கள் கொஞ்சம் வெளியே போய் வாருங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். போன இடத்தில், நோயுள்ளவர் எதிரிலேயே இருக்கும்போது "மாத்திரை போடுகிறாரா?" என்று பக்கத்தில் இருப்பவரிடம் கேட்காதீர்கள். பேச வேண்டியது அவரிடம்.

குடும்பத்தினரிடம் "எதையும் மறைக்காதீர்கள், வெளிப்படையாகப் பேசுங்கள்" என்று அறிவுரை சொல்வது எளிது. வேலை போகும், நட்பு போகும் என்ற பயம் பல நேரம் நியாயமானது. யாரிடம், எவ்வளவு சொல்வது என்பதில் முதல் உரிமை நோயோடு வாழ்பவருக்கு. அவர் சம்மதம் இல்லாமல் ஊருக்கெல்லாம் சொல்வதைத் துணிச்சல் என்று நான் எண்ணமாட்டேன்.

ஒரே ஒரு விஷயத்தில் மௌனம் உதவாது: வீட்டிலுள்ள குழந்தைகள். சொல்லாவிட்டால் தாங்களே ஒரு காரணத்தைக் கற்பனை செய்வார்கள். அது பெரும்பாலும் "நான்தான் ஏதோ தப்பு செய்தேன்" என்பதாக இருக்கும். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, அதனால்தான் பேசாமல் இருக்கிறார், அது உன்னால் இல்லை, டாக்டர் பார்க்கிறார் என்ற அளவுக்குச் சொன்னால் போதும். ஒரு முறை சொல்லி நிறுத்தாமல், வயது ஏற ஏற அவர்கள் கேட்பதற்குப் பதில் சொல்லிக்கொண்டே வாருங்கள்.