கிராஃபிக் நாவலைக் கையில் கொடுக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அலுவலக நண்பர் ஒருவருக்கு கிறிஸ் வேர் எழுதி வரைந்த 'ஜிம்மி காரிகன்' என்ற கிராஃபிக் நாவலை, அதாவது முழுக்கப் படக்கட்டங்களாகவே சொல்லப்படும் நீண்ட கதையை, படிக்கக் கொடுத்தேன். மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. பதினைந்து பக்கம்கூடத் தாண்டாத இடத்தில் ஒரு பஸ் டிக்கெட் செருகியிருந்தது. "நன்றாகத்தான் இருக்கிறது, நேரம் கிடைக்கவில்லை" என்றார். பிடிக்கவில்லை என்பதை அவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார் என்று புரிந்தது. தவறு என்னுடையது. 2001இல் 'கார்டியன்' நாளிதழின் முதல் நூல் விருதைப் பெற்ற புத்தகம், எனக்கு மிகவும் நெருக்கமான புத்தகம் என்ற இரண்டே காரணங்களுக்காக அதைக் கொடுத்தேன். எந்த மாதிரி மனிதரோடு அவர் முந்நூற்றுச் சொச்சம் பக்கங்கள் உட்கார்ந்திருப்பார் என்று நான் யோசிக்கவே இல்லை.

ஜிம்மி முப்பத்தாறு வயதுக்காரன். வாய் திறந்து நாலு வார்த்தை பேசத் தெரியாதவன், அம்மாவின் தொலைபேசி அழைப்புகளுக்கு அஞ்சி வாழ்பவன், அப்பாவை முதன்முறையாகச் சந்திக்கப் போகிறவன். கட்டங்கள் சில தபால்தலை அளவுக்குச் சிறியவை. குடும்ப வரலாற்றையே அம்புக்குறி போட்ட வரைபடமாக வேர் வரைந்திருப்பார். படித்துப் பழகிய கண்ணுக்கு அது பெரும் விருந்து. முதல்முறை வருகிறவருக்கோ வாசலிலேயே எழுப்பிய சுவர்.

சாகசக் கதையில் சம்பவம் நம்மைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடும். சிறு பதிப்பகங்களிலிருந்தும் தனி ஓவியர்களிடமிருந்தும் வருகிற இந்த வகைக் கதைகளில் அப்படி இழுக்கும் கை கிடையாது. ஒரு மனிதர் இருக்கிறார், அவர் பேசுகிறார், சமைக்கிறார், சண்டை போடுகிறார், அவ்வளவுதான். எனவே பரிந்துரை என்பது இரண்டு பேரை ஒருவருக்கொருவர் அறிமுகம் செய்துவைப்பது போன்றது. நாம் செய்கிற தவறுகளில் பெரும்பாலானவை இதை மறப்பதால் வருகின்றன.

எல்லோரும் செய்கிற தவறு, புத்தகத்தை அதன் 'விஷயமாக' மட்டும் சுருக்கிச் சொல்வது. ஆர்ட் ஸ்பீகல்மனின் 'மவுஸ்' பற்றிக் கேட்டால், "ஹிட்லர் காலத்து யூதப் படுகொலை பற்றியது, யூதர்களை எலிகளாகவும் நாஜிகளைப் பூனைகளாகவும் வரைந்திருக்கிறார், 1992இல் புலிட்சர் சிறப்பு விருது பெற்றது" என்று ஒப்பிக்கிறோம். எல்லாம் உண்மைதான். ஆனால் கேட்பவர் மனதில் ஒரு பாடப்புத்தகம் உருவாகிவிடுகிறது. அந்தப் புத்தகத்தை நம்மால் மறக்க முடியாமல் செய்வது விளாடெக் என்ற கிழவர். நியூயார்க்கில் மகனோடு தெருவில் நடந்து போகும்போது, கீழே கிடக்கும் தொலைபேசிக் கம்பியைக் குனிந்து எடுத்துக்கொள்கிறார். உள்ளே மெல்லிய கம்பிகள் இருக்கும், எதையாவது கட்ட உதவும் என்கிறார். பாதி தின்ற தானிய உணவுப் பெட்டியைக் கடைக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்கிறார். மகன் அவமானத்தில் கூனிக் குறுகுகிறான். ஆஷ்விட்ஸிலிருந்து உயிரோடு திரும்பியவர், வாழ்வில் எதையும் வீணாக்க முடியாதவர், உடன் வாழ்கிறவர்களைப் பாடாய்ப் படுத்துகிறவர். இந்த மூன்றும் ஒரே ஆளுக்குள் இருப்பதுதான் அந்த நூல். இப்போதெல்லாம் நான் போரைச் சொல்வதில்லை, கம்பியைச் சொல்கிறேன். "அட, எங்கள் தாத்தாவும் இப்படித்தான்" என்று யாராவது சொன்னால், அவருக்கு 'மவுஸ்' கொடுக்கலாம் என்று தெரிந்துவிடும்.

அடுத்தது, ஓவியத்துக்காக மன்னிப்புக் கேட்பது. "படம் கொஞ்சம் சுமாராக இருக்கும், ஆனால் கதைக்காகப் படியுங்கள்" என்று சொல்லிக் கொடுப்பதைப் பலமுறை கேட்டிருக்கிறேன், ஈரானில் கழிந்த தன் சிறுவயதை மர்ஜானே சத்ராபி சொல்லும் 'பெர்செபோலிஸ்' விஷயத்தில் மிக அதிகமாக. தடித்த கறுப்பு, வெள்ளை, நடுவில் சாம்பல் நிறம்கூட இல்லை. அதன் முதல் பக்கத்தைப் பாருங்கள். முதல் கட்டத்தில் முக்காடு போட்ட பத்து வயதுச் சிறுமி, ஆண்டு 1980. இரண்டாவது கட்டம் வகுப்புப் புகைப்படம். தான் இடது ஓரத்தில் உட்கார்ந்திருப்பதால் தெரியவில்லை என்கிறாள் அவள். உண்மையிலேயே கட்டத்தின் கோடு அவளை வெட்டிவிட்டிருக்கிறது. ஒரே மாதிரி உடையில் வரிசையாகத் தோழிகள், வெளியே தள்ளப்பட்ட ஒருத்தி. அடுத்த பல பக்கங்களில் அவளுக்கு என்ன நேரப்போகிறது என்பதை அந்த ஒரு கோடு முன்பே சொல்லிவிடுகிறது. இதைச் 'சுமாரான படம்' என்று அறிமுகப்படுத்துவது ஓவியருக்குச் செய்யும் அநீதி. வாசகருக்கும் நஷ்டம், ஏனென்றால் அவர் படத்தைத் தாண்டி எழுத்தை மட்டும் மேயத் தொடங்கிவிடுவார். மன்னிப்புக் கேட்பதற்குப் பதில் அந்த ஒரு பக்கத்தை விரித்துக் காட்டுங்கள்.

"முதலிலிருந்து படி" என்பதும் பல நேரங்களில் தவறான ஆலோசனை. ஹெர்னாண்டஸ் சகோதரர்கள் 1981இல் சொந்தக் காசில் அச்சிட்டுத் தொடங்கிய 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' காமிக்ஸ் இதழ் இதற்குச் சரியான உதாரணம். ஹைமே ஹெர்னாண்டஸின் மேகி என்ற பெண், கலிஃபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளிக் குடியிருப்பு ஒன்றில் வளர்கிறாள், நாற்பது ஆண்டுகளாக நம்மோடு சேர்ந்து அவளுக்கும் வயதாகிறது. உடல் பருக்கிறது, நட்புகள் முறிகின்றன, மீண்டும் கூடுகின்றன. காமிக்ஸில் இவ்வளவு நீண்ட, இவ்வளவு உண்மையான வாழ்க்கை மிக அபூர்வம். ஆனால் தொடக்கக் கதைகளில் அவள் ராக்கெட் பழுதுபார்க்கும் மெக்கானிக். டைனோசர்கூட வரும். அதைப் படித்துவிட்டு, இது நமக்கானது அல்ல என்று மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். மேகி கதைகளின் இரண்டாம் தொகுப்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். மேகியைப் பிடித்துப்போனால் பழைய டைனோசரையும் அவர்களே தேடிப் போவார்கள்.

மொழியை மறப்பது நம்மிடம் தனியாக உள்ள பிழை. இந்த நூல்களில் பெரும்பாலானவற்றை நாம் ஆங்கிலத்தில்தான் படிக்கிறோம். படக்கதைதானே, எளிதாக இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அலிசன் பெக்டலின் 'ஃபன் ஹோம்' (2006), ஆங்கில ஆசிரியராகவும் ஈமச்சடங்கு இல்லம் நடத்துபவராகவும் இருந்த தன் அப்பாவைப் பற்றியது. ஜாய்ஸ், ப்ரூஸ்ட் போன்ற நாவலாசிரியர்கள் ஊடும் பாவுமாக வருகிற அடர்த்தியான நடை. ஆங்கிலத்தை மெதுவாகப் படிக்கிறவர் அதில் களைத்துப்போய், குறை தன்னிடம்தான் என்று எண்ணிக்கொள்வார். 'பெர்செபோலிஸ்' அப்படியல்ல, அதன் வாக்கியங்கள் எளியவை. விடியல் பதிப்பகம் அதைத் தமிழிலேயே கொண்டுவந்திருக்கிறது.

உள்ளடக்கத்தை முன்கூட்டியே சொல்லாமல் விடுவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். படம் போட்ட புத்தகம் என்றாலே பிள்ளைகளுக்கு என்று வாங்கிப் போகிற சித்தப்பாக்கள் இன்னும் இருக்கிறார்கள். 'லவ் அண்ட் ராக்கெட்ஸ்' பெரியவர்களுக்கானது. அம்ருதா பாட்டீலின் 'காரி' (2008) தற்கொலை முயற்சியில்தான் தொடங்குகிறது. வீட்டில் அப்படி ஒரு இழப்பைக் கண்டவருக்கு அதைச் சொல்லாமல் கொடுக்கக் கூடாது. என் வாழ்வில் நான் மிகவும் வருந்திய பரிந்துரை 'வன்னி' (2019). ஐ.நா. பணியாளராக வன்னியில் இருந்த பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொல்லாக் வரைந்த நூல். இறுதிப் போரில் ஒரு குடும்பம் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து சிதைவதைச் சொல்கிறது. அங்கிருந்து வந்த ஒரு அக்காவிடம் ஆர்வத்தோடு நீட்டினேன். நாலு பக்கம் புரட்டினார். பங்கர் வரைந்திருந்த பக்கத்தில் விரல் நின்றது. "இது எங்களுக்குத் தெரிந்த கதைதானே தம்பி. தெரியாதவர்களுக்குக் கொடுங்கள்" என்று மூடி என் கையிலேயே வைத்தார். அவர் சொன்னதுதான் சரி. போரைச் செய்தியாக மட்டும் அறிந்தவர்களுக்கே அதை இப்போது கொடுக்கிறேன்.

முன்பு படித்ததை மட்டம் தட்டாதீர்கள். 1972இல் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவரிடம், "அதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு, இதுதான் இலக்கியம்" என்று தொடங்கினால் பேச்சு அங்கேயே முடிந்தது. லயன், முத்து காமிக்ஸ் வாசகர்கள் கட்டத்துக்குக் கட்டம் கண் தாவப் பழகியவர்கள். குடியும் சூதாட்டமுமாகத் திரிந்து மேலதிகாரியின் உத்தரவை மீறும் கேப்டன் டைகர் என்ற காமிக்ஸ் நாயகனை நேசித்தவருக்குக் குறையுள்ள மனிதர்கள் புதிதல்ல. பாதி வழி ஏற்கெனவே வந்துவிட்டார்.

புத்தகத்தை பி.டி.எஃப். கோப்பாக அனுப்புவதும் வேண்டாம். ஹார்வி பீக்கர் கிளீவ்லாந்து மருத்துவமனை ஒன்றில் கோப்பு எழுத்தராக வேலை பார்த்துக்கொண்டே, 1976 முதல் 'அமெரிக்கன் ஸ்பிளெண்டர்' இதழைத் தன் சொந்தச் செலவில் அச்சிட்டார். சுயேச்சைக் காமிக்ஸ் அப்படித்தான் பிழைக்கிறது. விற்கிற ஒவ்வொரு பிரதியும் கணக்கில் வரும். உங்கள் பிரதியை இரவல் கொடுங்கள், நூலகத்தில் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். கைபேசித் திரையில் கட்டம் கட்டமாக நறுக்கப்பட்ட பக்கம் ஓவியர் வரைந்த பக்கமும் அல்ல.

கொடுத்த பிறகு "படித்தாயா?" என்று நச்சரிக்காதீர்கள். அந்த அலுவலக நண்பருக்குச் சில மாதம் கழித்து 'மவுஸ்' கொடுத்தேன். ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. ஒரு நாள் தேநீர் இடைவேளையில் அவராகவே ஆரம்பித்தார். விளாடெக்கின் பெயர் அவர் வாயில் வரவில்லை, "அந்தக் கிழவர்" என்றார். பிறகு, வளைந்த ஆணிகளைச் சுத்தியலால் நிமிர்த்தி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைக்கும் தன் அப்பாவைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். இரண்டாம் பாகம் இருக்கிறதா என்று கேட்டார். மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்தேன்.