பினாங்கு வீட்டுப் பழைய தமிழ்ப் புத்தகங்களைப் படமெடுத்துக் காக்க

1924-இல் தொடங்கிய மலேசியத் தமிழ் இதழ் ‘தமிழ் நேசன்’ 2019-இல் நின்றுபோனது. அதிலிருந்து வெட்டி வைத்த கதைகள், தோட்டத்துப் பள்ளி ஆண்டு மலர்கள், கோயில் கும்பாபிஷேக மலர்கள் போன்றவை பல வீடுகளில் ஒற்றைப் பிரதியாகக் கிடக்கின்றன. இவற்றை முதலில் எடுங்கள். கடையில் இன்னும் விற்கிற நாவல் காத்திருக்கலாம்.

பினாங்குக் காற்றில் ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். 65-ஐத் தாண்டினாலே தாளில் பூசணம் பிடிக்கத் தொடங்கும். பூசணம் பட்டதைத் தனியே பிரித்து, நிழலில் மின்விசிறி ஓடும் இடத்தில் நன்றாக உலரவிட்டு, பிறகு முகக்கவசம் அணிந்து வீட்டுக்கு வெளியே மென்தூரிகையால் தட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது துடைத்தால் கறை தாளுக்குள் இறங்கிவிடும். வெயிலில் வைக்கவே வேண்டாம், தாள் இன்னும் பழுத்துவிடும்.

தாளை அரிக்கும் ராமபாணப் பூச்சி இருந்தால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, மைனஸ் 18 பாகை செல்சியஸ் ஃபிரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். ஒரு நாள் அப்படியே இருக்கட்டும். இல்லையென்றால் குளிர்ந்த தாளில் நீர் வியர்த்துவிடும்.

படமெடுக்கக் கைப்பேசியே போதும். பழைய மலர்களில் பக்கவாட்டில் கம்பித் தையல் போட்டிருப்பார்கள். தட்டையாக விரித்து அழுத்தினால் துருப்பிடித்த கம்பி தாளைக் கிழிக்கும். இரு பக்கமும் துண்டைச் சுருட்டி முட்டுக் கொடுத்து, 100 பாகை அளவுக்கு மட்டும் திறந்து, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் எடுங்கள். கைப்பேசி அந்தப் பக்கத்துக்கு இணையாக, தாங்கியில் நிற்க வேண்டும். சன்னல் வெளிச்சம் நல்லது. ஃபிளாஷ் பளபளப்புத் தாளில் எழுத்தையே மறைக்கும்.

தெளிவு அங்குலத்துக்கு 400 புள்ளி இருக்கட்டும். 18 செ.மீ. உயரப் பக்கத்துக்கு ஏறக்குறைய 2,800 படப்புள்ளி என்று கணக்கு; 12 மெகாபிக்சல் கேமராவின் நீளப் பக்கத்தில் 4,000 உண்டு. தமிழுக்கு இது ஏன் முக்கியம் என்றால், தெளிவு குறைந்தால் முதலில் போவது மெய்யெழுத்தின் புள்ளி. ‘பட்டு’ ‘படடு’ ஆகிவிடும். முதல் பக்கத்தை எடுத்ததும் பெரிதாக்கி, இருப்பதிலேயே சிறிய எழுத்தில் புள்ளி தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த பக்கம். படங்களை வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அனுப்பினால் அளவு சுருங்கிவிடும், ஆவணமாக அனுப்புங்கள்.

படத்தில் உள்ள எழுத்தைத் திருத்தக்கூடிய உரையாக மாற்றும் எழுத்துணரிக்குக் கூகுள் டிரைவ் போதும், அது தமிழ் படிக்கும். ஆனால் தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் யானைத் துதிக்கை போன்ற வளைவு போட்ட ணை, லை, ளை, னை வடிவங்களில் தடுமாறும்; அவற்றை ஒருவர் உட்கார்ந்து மூலத்தோடு ஒப்பிட்டே திருத்த வேண்டும்.

கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டாதீர்கள். பசை மஞ்சளாகி எழுத்தோடு உரியும். லேமினேட் செய்தால் பிறகு பிரிக்கவே முடியாது. படம் எடுத்தாயிற்று என்று மூலத்தை எடைக்குப் போட்டுவிடவும் வேண்டாம். அட்டையும் தாளும் அச்சு அழுத்தமும் படத்தில் முழுதாக வராது. புத்தகத்தைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிய அலமாரியில் நிறுத்தி வையுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதற்குமுன் உரிமையைப் பாருங்கள். மலேசியாவில் எழுதியவர் மறைந்து 50 ஆண்டு வரை பதிப்புரிமை உண்டு. அதற்குள் என்றால் குடும்பத்தாரிடம் எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள்.

கோப்புப் பெயரில் தலைப்பு, ஆண்டு, பக்க எண் மூன்றும் இருக்கட்டும். கோப்புகளை மூன்று பிரதியாக வைத்து, அதில் ஒன்று வேறு ஊரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வன்தட்டைச் செருகி நாலைந்து கோப்பைத் திறந்து பாருங்கள்.