ஒரே ஆங்கிலச் சொல்லுக்கு முன் எப்போது ‘எ’ போடுவது, எப்போது விடுவது?

ஆங்கிலப் பெயர்ச்சொற்களை எண்ணக்கூடியவை, எண்ண முடியாதவை என்று இரண்டு பட்டியலாக மனப்பாடம் செய்தால் ‘பேப்பர்’ என்ற சொல்லிலேயே மாட்டிக்கொள்வீர்கள். எழுதும் தாள் என்ற பொருளில் அது ‘சம் பேப்பர்’. எண்ணிச் சொல்ல ‘டூ ஷீட்ஸ் ஆஃப் பேப்பர்’. நாளிதழ், தேர்வுத்தாள், ஆய்வுக்கட்டுரை என்றால் ‘எ பேப்பர்’, ‘டூ பேப்பர்ஸ்’. எண்ண முடிவதும் முடியாததும் சொல்லின் குணமல்ல, நீங்கள் எடுத்துக்கொள்ளும் பொருளின் குணம்.

எழுதுமுன் தமிழில் கேட்டுப் பாருங்கள்: எத்தனையா, எவ்வளவா? ‘எத்தனை’ என்றால் ஒருமைக்கு ‘எ’ அல்லது ‘ஆன்’, பன்மைக்கு ‘எஸ்’, கேள்விக்கு ‘ஹவ் மெனி’. ‘எவ்வளவு’ என்றால் இவை எதுவும் வராது; ‘ஹவ் மச்’, ‘சம்’, ‘எ லிட்டில்’ போதும். ‘ஐ ஏட் சிக்கன்’ என்றால் கோழிக்கறி சாப்பிட்டேன். ‘எ சிக்கன்’ என்றால் முழுக் கோழியையும் தீர்த்துவிட்டீர்கள். தலைமுடி முழுவதும் ‘ஹேர்’தான், ‘ஹேர்ஸ்’ அல்ல. சாம்பாரில் கிடந்த ஒற்றை முடி ‘எ ஹேர்’. காபி பொதுவாக ‘சம் காபி’. ஹோட்டலில் ஆர்டர் கொடுக்கும்போது கோப்பைக் கணக்கில் ‘டூ காஃபீஸ்’.

நம்மவர்கள் அதிகம் சறுக்குவது ‘ஒர்க்’கில். ‘எனக்கு ஒரு வேலை இருக்கிறது’ என்பதை அப்படியே ‘ஐ ஹேவ் எ ஒர்க்’ என்கிறோம். ‘ஐ ஹேவ் சம் ஒர்க்’ என்பதே சரி. ‘எ ஒர்க்’ என்றால் ஓவியம், நாவல் போன்ற படைப்பு. உத்தியோகத்துக்கு ‘எ ஜாப்’. பயோடேட்டாவிலும் இதே கதை: பணி அனுபவம் ‘ஃபைவ் இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ்’. ‘எக்ஸ்பீரியன்ஸஸ்’ என்று எழுதினால் வாழ்வில் நடந்த தனித்தனி அனுபவங்கள் என்றாகிவிடும்.

‘எத்தனையா, எவ்வளவா’ என்ற கேள்வி கைவிடும் இடமும் உண்டு. ‘எத்தனை லக்கேஜ்?’ என்று தமிழில் தாராளமாகக் கேட்கிறோம். ஆங்கிலத்தில் லக்கேஜ், ஃபர்னிச்சர், எக்விப்மென்ட், அட்வைஸ், இன்ஃபர்மேஷன் ஆகியவற்றுக்கு ‘எ’யும் கிடையாது, ‘எஸ்’ஸும் கிடையாது. எண்ணியே ஆகவேண்டுமானால் ‘டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்’. இந்த ஐந்தை மட்டும் மனப்பாடம் செய்வதில் தப்பில்லை.

‘நாலெட்ஜ்’ பாதி வழி வரும்: ‘எ குட் நாலெட்ஜ் ஆஃப் இங்கிலிஷ்’ சரி, ‘நாலெட்ஜஸ்’ தவறு. அதைப் பார்த்து ‘எ குட் அட்வைஸ்’, ‘எ நைஸ் வெதர்’ என்று எழுதிவிடாதீர்கள். சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கான அகராதியைப் புரட்டுங்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் எண்ணக்கூடியதற்கு ‘சி’, எண்ண முடியாததற்கு ‘யு’ என்று தனித்தனியாகக் குறித்திருப்பார்கள். முதல் பொருளோடு நின்றுவிடாமல் உங்களுக்கு வேண்டிய பொருள்வரை இறங்கிப் படியுங்கள்.