சாட்செல் பெய்ஜின் தயக்கப் பந்து: பழகும் முறை

பேஸ்பாலில் பந்து வீசுபவரின் முன்கால் மண்ணில் பதிந்துவிடும். எறியும் கையோ பின்னாலேயே ஒரு கணம் நின்றுவிட்டு அப்புறம்தான் வரும். கால் விழுந்ததை நம்பி மட்டையைச் சுழற்றிய பேட்டர், பந்து வருவதற்குள் சுழற்றி முடித்திருப்பார். அமெரிக்கப் பந்துவீச்சாளர் சாட்செல் பெய்ஜின் 'ஹெசிடேஷன் பிட்ச்', அதாவது தயக்கப் பந்து, இதுதான். கறுப்பர் என்பதால், கறுப்பின வீரர்களுக்கெனத் தனியாக நடந்த நீக்ரோ லீக்குகளிலேயே இளமையைக் கழித்த அவர், 1948-ல் 42 வயதில் கிளீவ்லாண்ட் அணிக்கு வந்து 6 ஆட்டங்களை வென்றார், ஒன்றில்தான் தோற்றார். அந்த ஆண்டே, கிளீவ்லாண்ட் ஆடிய அமெரிக்கன் லீக்கின் தலைவர் வில் ஹாரிட்ஜ் இந்தப் பந்து செல்லாது, வீசினால் 'பாக்' என்ற விதிமீறல் என்று சொல்லிவிட்டார்.

வித்தையிலிருந்து தொடங்காதீர்கள். பெய்ஜின் சொத்து குறிதான். பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் தட்டான ஹோம் பிளேட்டின் அகலம் 17 அங்குலம். அவரோ சூயிங்கம் தாளை வைத்து அதற்கு மேலே எறிந்து கையைச் சூடாக்கிக்கொள்வார். 1965 செப்டம்பர் 25 அன்று, 59 வயதில், கான்சாஸ் சிட்டி அணிக்காக 3 இன்னிங்ஸ் (இன்னிங்ஸுக்கு மூன்று அவுட்) வீசினார். விட்டது ஒரே ஒரு ஹிட் (பேட்டர் அடித்துவிட்டு ஓடி, தொட வேண்டிய இடமான பேஸை எட்டுவது), அதுவும் எதிரணியின் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு. வாக் (குறி தவறிய நான்கு பந்துகளால் பேட்டர் சும்மாவே முதல் பேஸுக்குப் போவது) ஒன்றுகூட இல்லை. வேகம் போன பிறகும் குறி போகவில்லை.

வீசும் இடத்திலிருந்து ஹோம் பிளேட் வரை முழுத் தூரம் 60 அடி 6 அங்குலம். நீங்கள் 40 அடியில், பாதி வேகத்தில் ஆரம்பியுங்கள். ஓர் அடி அகல அட்டையை முழங்கால் உயரத்தில் கட்டி 20 பந்து எறியுங்கள். 14 பட்டால் 5 அடி பின்னால் போகலாம். முழுத் தூரம் வந்ததும் அட்டையைப் பாதியாக மடியுங்கள். வலக்கைக்காரருக்குப் பந்து வலப்பக்கம் மேலே பறந்தால், முன்தோள் சீக்கிரம் திறக்கிறது. பிளேட்டுக்கு முன்னால் குத்தினால், பந்தை விடத் தாமதிக்கிறீர்கள்.

இனி தயக்கம். வழக்கமான ஃபாஸ்ட்பால் (முழுவேகப் பந்து) பிடியே போதும். காலைத் தூக்கி எட்டு வையுங்கள். முன்முழங்கால் லேசாக மடங்கியிருக்கட்டும், முழங்கை தோள் உயரத்தில் நிற்கட்டும். மனசுக்குள் 'ஒன்று' எண்ணுங்கள். பிறகு இடுப்பு, மார்பு, கை என்ற வரிசையில் திரும்புங்கள். பலரும் சறுக்குவது இங்கேதான்: எண்ணும்போதே உடல் எடை முழுவதும் முன்காலுக்குப் போய்விடும், மிச்சம் இருப்பது வெறும் கை வீச்சு. பந்தும் போகாது, தோளும் முழங்கையும் கெடும். எடையில் பாதியாவது பின்காலில் இருக்க வேண்டும். நாளுக்குப் பத்துக்கு மேல் வேண்டாம்; முழங்கையின் உள்பக்கம் வலித்தால் அன்றைக்கு நிறுத்துங்கள். வேகம் குறையும், குறையட்டும். ஏமாற்றுவதே அதுதானே.

பேஸில் ஓட்டக்காரர் இருக்கும்போது இடையில் நின்றால் அது 'பாக்': அவர் சும்மாவே அடுத்த பேஸுக்குப் போவார். ஆகவே பேஸ்கள் காலியாக இருக்கையில் மட்டும், அதுவும் ஒரு பேட்டருக்கு ஒரு தடவை, நல்ல ஃபாஸ்ட்பால் ஒன்றைக் காட்டிய பிறகு வீசுங்கள். இரண்டாவது தடவை வீசினால் அவர் காத்திருந்து அடிப்பார்.